மகளோடு கல்லூரி பார்க்கப் போனேன்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம், எங்கள் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. அவள் அக்கவுண்ட்ஸ் படிப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதினோராம் வகுப்பில் காமர்ஸ் எடுத்த முதல் மாதமே, "எதை எழுதினாலும் பற்று, வரவுன்னு ரெண்டு பக்கம் எழுதணும்மா, ஒரு பக்கம் மட்டும் எழுதினா அது பொய்யாயிரும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். எங்கே போய்ப் படிப்பாள் என்பதுதான் முடிவாகாமல் இருந்தது.

எனக்கு அந்தமானில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையில் வேலை. தீவுகளுக்குள் ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். வீடு சௌல்தாரியில். காலையில் பஸ் பிடித்துப் போனால் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். கணவருக்குப் பாராடாங்கில் வேலை. ஜீப்பையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போகும் படகில் இருக்கிறார். அங்கேயே தங்கிக்கொண்டு சனிக்கிழமை, காட்டு வழியில் போலீஸ் காவலோடு வரிசையாக விடும் கான்வாயில் வீட்டுக்கு வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுக்க வந்தவர்கள். என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர். நாங்கள் இரண்டு பேருமே கல்லூரிக்குப் போனதில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டல் ஹாலில் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்து ஒரு கல்லூரியின் ஆட்கள் வந்து கூட்டம் போட்டார்கள். எங்கள் கவுண்டருக்கே நோட்டீஸ் வந்தது. மூன்று பேருமாகப் போனோம். தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஊரில் இருக்கும் கல்லூரி அது. வணிகப் படிப்புகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள் என்று திரையில் படம் காட்டினார்கள். கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், கோட்டுப் போட்ட பிள்ளைகள் கை குலுக்குவது எல்லாம் வந்தது. என் கணவர் படம் முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் பார்த்தார். முடிந்ததும் நேரே மேசைக்குப் போய், இப்போதே முன்பணம் கட்டினால் சீட்டு உறுதிதானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நேர்ல பார்க்காம ஒண்ணும் கட்ட வேணாம்" என்றேன்.

"சீட்டு போயிரும்னு சொல்றாங்க."

"போனா போகட்டும். ஒரு தட்டு வாங்குறதுக்கே தட்டித் தட்டிப் பார்க்குறோம். மூணு வருஷம் பிள்ளையை விடப்போற இடத்தைப் பார்க்க வேணாமா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ போய்ப் பார்த்து என்னத்தக் கண்டுபிடிக்கப்போற? நீயும் நானும் காலேஜ் வாசல மிதிச்சவங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனாலேயே எனக்குச் சுருக்கென்றது. ஒரு கல்லூரி நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? எனக்குத் தெரியாதுதான்.

"நான் பார்க்குறேன்பா. மத்லப், படிக்கப்போறது நான்தானே?" என்றாள் மகள்.

இந்த 'மத்லப்' அவளோடு பிறந்தது. 'அதாவது' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்கு அந்த இந்தி வார்த்தைதான் வரும். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சில் ஒரு வங்காளிப் பிள்ளை, முன் பெஞ்சில் ஒரு தெலுங்குப் பிள்ளை. எல்லோருக்கும் பொதுவாக இந்திதான். வீட்டில் எங்களோடு தமிழ் பேசுவாள், ஆனால் தமிழ் எழுத்து அவளுக்குச் சரியாக வாசிக்க வராது. நான் அதை ஒரு குறையாக அதுவரை நினைத்ததே இல்லை.

பரீட்சை முடிந்ததும் லீவு போட்டேன். ஹேடோ துறையிலிருந்து சென்னைக் கப்பலில், அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் இடம் கிடைத்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம்.

கப்பலில் வேறு என்ன வேலை? படுக்கையில் சாய்ந்துகொண்டு, போய் எதையெல்லாம் பார்ப்பது என்று பேசினோம். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். ஹாஸ்டலில் தண்ணீர் எப்போதும் வருகிறதா, பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், வாசலில் இருக்கிறவர் எப்படிப்பட்டவர்.

"அதெல்லாம் நீ பாரும்மா. நான் கிளாஸ் பார்க்கணும்" என்றாள்.

"கிளாஸ்ல என்ன பார்ப்ப?"

"தெரியல. பார்த்தா தெரியும்."

டெக்கில் மெயின்லேண்டில் படிக்கிற தீவுப் பிள்ளைகள் சிலர் கூட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மகள் அவர்களிடம் போய் ஒவ்வொருவராகக் காலேஜ் எப்படி என்று கேட்டாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "டீக் ஹை." பரவாயில்லையாம். திரும்பி வந்து, "இவங்ககிட்ட கேட்டா தேறாது" என்று படுத்துக்கொண்டாள்.

சென்னையில் இறங்கி, ரயில் பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏப்ரல் வெயில். கடல் காற்று இல்லாத வெயில் எங்களுக்குப் பழக்கமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு கல்லூரிக்குள் நுழைந்தபோது, படத்தில் காட்டிய கண்ணாடிக் கட்டடம் நிஜமாகவே அப்படியே நின்றது. பொய் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு நிம்மதி.

அட்மிஷன் ஆபீஸில் டை கட்டிய ஒருவர் எங்களைச் சுற்றிக் காட்ட வந்தார். ரொம்ப மரியாதையானவர். அந்தமானிலிருந்து வருகிறோம் என்றதும் குளிர்ந்த தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். முதலில் லிஃப்டில் மேலே கூட்டிப்போய் ஒரு பெரிய அறையைக் காட்டினார். சுவர் முழுக்கத் திரைகள். பங்குச் சந்தை எண்கள் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அது விமான நிலையம் மாதிரி இருந்தது. அசந்துபோய் நின்றேன்.

மகள் கேட்டாள். "சார், இங்க பி.காம். கிளாஸ் நடக்குமா?"

"இது எம்.பி.ஏ. பிளாக்மா. உங்களுக்கும் அப்பப்ப விசிட் இருக்கும்."

"பி.காம். பிளாக் எங்க சார்?"

"அது பின்னாடி இருக்கு. இப்ப கிளாஸ் நடந்துட்டிருக்கு. தொந்தரவு பண்ண வேணாம்."

"ஃபர்ஸ்ட் இயர் அக்கவுண்ட்ஸ் யார் எடுக்குறாங்க?"

"எல்லாருமே நல்ல குவாலிஃபைட் ஸ்டாஃப்தான்."

"இல்ல சார், யாருன்னு?"

அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்து யாரிடமோ கேட்டார். அந்தப் பக்கம் இருந்தவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. விசாரித்துச் சொல்கிறேன் என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவரை இப்படிக் கேட்கலாமா என்று மகளின் கையை லேசாகக் கிள்ளினேன். அவள் கையை நகர்த்திக்கொண்டாள்.

கீழே வருகிற வழியில் வேலை கிடைத்த பிள்ளைகளின் படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எனக்கும் ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. "இதுல பி.காம். படிச்ச பிள்ளைங்க யாரு சார்?" என்றேன். அவர் கொஞ்சம் தேடினார். ஒரு மூலையில் இருந்த படத்தைக் காட்டினார். இன்னொன்றும் இருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

ஹாஸ்டல் எனக்குப் பிடித்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வேகமாக வந்தது. பாத்ரூம் கதவுகளை ஒவ்வொன்றாகத் தாழ் போட்டுப் பார்த்தேன். வார்டன் அம்மா அதைப் பார்த்துச் சிரித்து, "நல்லாப் பாருங்க, இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல" என்றார். என் வரையில் எல்லாம் முடிந்தது. பணம் கட்டிவிட்டு ரயில் ஏறலாம் என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

டை கட்டியவர் ஏதோ மீட்டிங் என்று கிளம்பினார். மதியத்துக்கு மேல் ஆபீஸுக்கு வரச் சொன்னார். அவர் கண் மறைந்ததும் மகள் நேராகப் பின்பக்கம் நடந்தாள்.

"எங்க போற? தொந்தரவு பண்ண வேணாம்னு சொன்னாருல்ல?"

"தூரத்துலயிருந்து பார்க்குறேன்மா. சலோ, வா."

பின்பக்கக் கட்டடம் சாதாரண இரண்டு மாடிக் கட்டடம். வெள்ளையடித்து ரொம்ப நாளாகியிருந்தது. தாழ்வாரத்தில் நடந்தபோது ஒரு வகுப்பறையிலிருந்து பயங்கரச் சத்தம். பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முப்பது வயதைத் தாண்டியிருக்கும், காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடி. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களைப் பார்த்துவிட்டார். நான் பயந்துபோய்ப் பின்வாங்கினேன்.

"யாரும்மா? என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல மேடம். காலேஜ் பார்க்க வந்தோம். என் பொண்ணு சேரலாமான்னு..."

"வெளிய நின்னு என்ன பார்ப்பீங்க? உள்ள வாங்க. கடைசி பெஞ்சுல உட்காருங்க, ரெண்டு பேரும்."

இப்படித்தான் நாற்பத்துச் சொச்சம் வயதில் முதல்முறையாக ஒரு கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

விஷயம் இதுதான். ஒரு மளிகைக் கடைக்காரர் தன் கடையிலிருந்தே ஒரு மூட்டை அரிசியை வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொண்டு போகிறார். கடைக் கணக்கில் அதை எழுத வேண்டும். அவர் வாங்கிய விலையில் எழுதுவதா, விற்கிற விலையில் எழுதுவதா? தன் கடை அரிசியைத் தானே எடுத்துப் போவதற்குக் கணக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் டீச்சர் சொன்னார், கணக்கைப் பொறுத்தவரை கடை வேறு, கடைக்காரர் வேறு, அவர் எடுத்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று. எனக்கு அது புதுமையாக இருந்தது. கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு பையன் எழுந்து, "மேடம், அதே மூட்டைய வெளிய வித்திருந்தா லாபம் வந்திருக்கும்ல? அந்த லாபம் கடைக்கு நஷ்டம்தானே? அப்ப விக்கிற விலையிலதான் எழுதணும்" என்றான்.

"புக்ல அப்படி இல்லடா" என்றது ஒரு குரல்.

"புக்ல இல்லன்னா ஏன் இல்லன்னு சொல்லு" என்றான் அவன்.

டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தார். "சொல்லுங்க, அவன் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்க" என்று வகுப்பைப் பார்த்தார். திடீரென்று என் பக்கத்தில் மகள் எழுந்து நின்றாள்.

"மேடம், நான் சொல்லலாமா? அவர் யாருக்கும் விக்கலையே. மத்லப், வித்தாத்தானே லாபம்? தனக்குத்தானே வித்து லாபம் பார்த்தேன்னு எழுத முடியாது. மத்லப், வாங்கின விலையிலதான்..."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஒரு மூலையிலிருந்து யாரோ "மத்லப்" என்று நீட்டிச் சொன்னார்கள். இன்னொரு தடவை சிரிப்பு. மகளின் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். நான் பெற்ற பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, தமிழ்நாட்டில் தமிழ் பேசிச் சிரிப்புக்கு ஆளாகிறாள். அங்கிருந்து எழுந்து அவளை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் திரும்பி, சிரித்த பக்கத்தைப் பார்த்து, "அவ சொன்னது சரியா தப்பா, அதச் சொல்லுங்கடா மொதல்ல" என்றாள். லாபத்தைப் பற்றிக் கேட்ட பையன் மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தான். "விக்கலைன்னா லாபம் இல்ல. சரி. ஒத்துக்குறேன்" என்று உட்கார்ந்தான். பிறகுதான் டீச்சர் போர்டில் எழுதினார். மகள் சொன்னதுதான் சரி. ஆனால் அவளைப் பாராட்டி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மணியடித்ததும் தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தேன். "மேடம், நீங்கதான் ஃபர்ஸ்ட் இயருக்கு எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டிருந்தேன்மா. இந்த மாசத்தோட போறேன். வேற ஊர்ல அரசாங்க வேலை கிடைச்சிருக்கு. என்னைப் பார்த்துட்டு இங்க சேர்த்துடாதீங்க. அது உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிரும்."

அவர் இருந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது, கூடவே மனசும் உட்கார்ந்துபோயிற்று. "அப்ப சேர்க்கலாமா, வேணாமா மேடம்?" என்றேன், குழந்தை மாதிரி.

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. படிக்கிற பிள்ளைங்ககிட்ட பேசுங்க. எங்ககிட்ட கேட்டா நாங்க காலேஜுக்குச் சாதகமாத்தான் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

கேன்டீனில் அந்த முன்வரிசைப் பெண்ணே எங்களைத் தேடி வந்து உட்கார்ந்தாள். கூட இன்னும் இரண்டு பெண்கள், மூன்று பேருமே முதல் வருடம். அவர்கள் ஒளிக்காமல் பேசினார்கள். கம்ப்யூட்டர் லேபில் ஒரு மெஷினுக்கு மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார வேண்டும். ஒரு சார் புத்தகத்தை அப்படியே வாசித்துவிட்டுப் போவார். லைப்ரரியைச் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள். ஹாஸ்டல் சப்பாத்தியைக் கடித்தால் பல் வலிக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பரீட்சைக்கு முன்னால் சீனியர்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள் என்றும் சொன்னார்கள்.

"ஏன் சிரிச்சீங்க?" என்று மகள் நேராகவே கேட்டாள்.

"நீ பேசினது காமெடியா இருந்துச்சுப்பா" என்றாள் ஒருத்தி. "ஆமா, அந்தமான்ல வீடெல்லாம் இருக்குமா?"

"இல்ல. நாங்க மரத்துமேல தூங்குவோம். எங்கம்மா மரத்துலயிருந்துதான் டூட்டிக்குப் போவாங்க."

மூன்று பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நான் மட்டும் வடையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பணம் கட்டவில்லை. ஆபீஸில் போய், வீட்டில் கலந்து சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். டை கட்டியவர் முகம் மாறாமல் வழியனுப்பினார். திரும்பி வருகிற கப்பலில் மகள் கல்லூரிப் பேச்சையே எடுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த யோசனை விட்டுப்போயிற்று என்று நான் எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வந்த கையோடு எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற ஒரு கல்லூரியையும் போய்ப் பார்த்தோம். நான் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற இடம். ஒருநாளும் உள்ளே போனதில்லை. துறைத் தலைவர் ஒரு வங்காளி சார். நாங்கள் கேட்காமலேயே வகுப்பில் உட்கார வைத்தார். இந்தியும் இங்கிலீஷுமாகத் தெளிவாகப் பாடம் எடுத்தார். மகளுக்குப் புரியாதது ஒன்றுமே இல்லை. அவள் பள்ளியில் மேல் வகுப்பில் படித்த அக்காமார்கள் சிலர் அங்கே இருந்தார்கள், கையசைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. இதைவிட என்ன வேண்டும்? சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். என் மனதில் முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். அவர் சாப்பாட்டில் கை வைத்தபடி மகளைப் பார்த்தார். "நீ என்ன பாப்பா சொல்ற?"

"நான் மெயின்லேண்ட் காலேஜுக்கே போறேன்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த மேடம்தான் போறாங்களே!"

"அவங்க போயிருவாங்க. அந்தப் பிள்ளைங்க போக மாட்டாங்கல்ல?"

"சிரிச்சாங்களே பாப்பா, உன்னப் பார்த்து" என்றேன்.

"சிரிச்சாங்க. அப்புறம் பதிலும் சொன்னாங்க. ஒரு பையன் தான் சொன்னது தப்புன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டான். நம்ம ஸ்கூல்ல யாரையாச்சும் அப்படிப் பார்த்திருக்கியா?" தட்டை ஓரமாக நகர்த்தினாள். "இங்க அந்த சார் ரொம்ப நல்லாச் சொல்லித்தராரும்மா. கிளாஸ்ல யாரும் வாயே திறக்கல. எல்லாம் என்ன மாதிரிப் பிள்ளைங்க. நானும் திறக்க மாட்டேன், கேட்டு எழுதிட்டு வந்துருவேன். அங்க எழுந்து நின்னேன்ல, எனக்கே தெரியாம நின்னேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

குழாயையும் தாழ்ப்பாளையும் பார்த்துவிட்டு வந்தேன் நான். அவள் பார்த்தது இது.

அவள் அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆரம்பத்திலிருந்து மெயின்லேண்ட், மெயின்லேண்ட் என்று சொன்னவர் அவர்தானே? ஆனால் அவர் கை கழுவிவிட்டு வெளியே போய்ப் பாக்குமரத்தடியில் நின்றார். நான் போனேன்.

"அவ்வளவு தொலைவு அனுப்பணுமா?" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். சும்மா சொல்லிட்டிருந்தேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க அப்பன் ஆத்தாள கப்பல்ல ஏத்தி அனுப்பினப்போ, போற எடம் எப்படின்னு யாரும் சொல்லல. புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா ஓடிப்போற தூரமா அது?"

தினமும் தண்ணீரைக் கடக்கிறவர், தன் பிள்ளை கடக்கப் போகிறது என்றதும் கலங்கிப்போனார். இரண்டு வாரம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் சமாதானமாகவில்லை. பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அவளைத் தடுக்க ஒரு நல்ல காரணம் தேடினேன். நான் கண்டுபிடித்ததெல்லாம் எனக்கு வசதியான காரணங்களாகவே இருந்தன. கடைசியில் ஒரு சனிக்கிழமை நானே சொன்னேன். "அவ போற எடத்தப் போய்ப் பார்த்துட்டுத்தானே சொல்றா. உங்க அப்பாவுக்கு அது கிடைக்கல. இவளுக்குக் கிடைச்சிருக்கு. அனுப்புவோம்." அவர் தலையை ஆட்டினார். அடுத்த வாரம் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார், ரொம்பப் பெரிய பெட்டி.

சேர்த்துவிட அவர்தான் கூடப் போனார். அந்தத் திரைகள் ஓடும் அறையின் முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்.

முதல் வருடம் நன்றாக இல்லை. அந்த டீச்சருக்குப் பதிலாக வந்தவர் ஸ்லைடைப் போட்டு வாசிப்பவர். கேள்வி கேட்டால் அடுத்த ஸ்லைடில் வரும் என்பாராம். ஒரு பேப்பரில் மகள் குறைந்த மார்க் வாங்கினாள். போனில் அழுதாள். "நான் தப்பா எடுத்துட்டேனாம்மா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

ஆனால் அவள் சொன்ன அந்தப் பிள்ளைகள், இப்போது அவளுக்குச் சீனியர்கள், சும்மா இருக்கவில்லை. அவர்களும் இவள் வகுப்பும் சேர்ந்து முதல்வரிடம் போனார்கள். அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார். மறுபடியும் போனார்கள். அதுவரைக்கும் அந்தச் சீனியர்களில் ஒருத்தியை மரத்தடியில் உட்கார வைத்து இவள் வகுப்புப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். பொங்கல் லீவு முடிந்து போனபோது புதிதாக ஒருவர் வந்திருந்தார். "பரவாயில்லம்மா, இவரு கேள்வி கேட்டா கோவப்படல" என்றாள் மகள்.

தமிழும் அங்கேதான் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அந்த முன்வரிசைப் பெண்தான் அப்போது அவளுடைய ரூம்மேட். ஒருநாள் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது போனில் தமிழ் எழுத்தில் ஒரு செய்தி வந்தது. "அம்மா சாப்டியா, நன் சாப்டேன்." கவுண்டருக்கு முன்னால் நின்ற ஆளை ஒரு நிமிடம் காக்க வைத்துவிட்டு அதை இரண்டு தடவை வாசித்தேன். 'மத்லப்' மட்டும் போகவில்லை. இப்போது அவள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறார்களாம்.

இப்போது அவளுக்குக் கடைசி வருடம். போன லீவில் போர்ட் பிளேரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குத் தினமும் போய் வந்தாள். சி.ஏ. நுழைவுப் பரீட்சை எழுதியதில் முதல் தடவை தேறவில்லை, மறுபடியும் எழுதப்போகிறாள். அவள் அப்பா படகில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு, கடை வேறு கடைக்காரர் வேறு என்று விளக்குகிறாராம். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அந்த லீவில் ஒருநாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாங்கள் பார்த்த இந்த ஊர்க் கல்லூரி ஜன்னலில் வந்தது. வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள்.

"சரியான காலேஜைத்தான் எடுத்தியா பாப்பா?" என்று கேட்டேன். இவ்வளவு நாளில் நான் கேட்காத கேள்வி.

அவள் யோசித்தாள். "தெரியலம்மா. இன்னொரு காலேஜ்ல நான் படிச்சுப் பார்த்ததில்லையே" என்றாள். பிறகு, ஆடிட்டர் ஆபீஸ் நிறுத்தம் வந்துவிட்டதென்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.